ஏ.எஃப்.எம்.மில் மூலக்கூறு படலமும் பாக்டீரியாவும்: மைக்கா உரிப்பது முதல் படத்தைச் சேமிப்பது வரை

ஏ.எஃப்.எம்., அதாவது கூரிய ஊசியை மேற்பரப்பில் வரிவரியாக ஓட்டிப் படம் எடுக்கும் அணுவிசை நுண்ணோக்கியின் முன் புதிதாக உட்காரும் பலரும் முதல் நாளே பாக்டீரியாவைக் கொண்டுவந்து நிற்கிறார்கள். காரணம் புரிகிறது. பாக்டீரியா பெரியது, கேமராவிலேயே தெரியும், படம் வந்தால் யாருக்கும் காட்டலாம். ஆனால் இந்தக் கருவிக்கு அதைவிடச் சிரமமான மாதிரிகள் குறைவு. உயரம் அதிகம், மென்மையானது, பிசுபிசுப்பானது, சரியாக ஒட்டாவிட்டால் ஊசியோடு கிளம்பிப் போய்விடும். படம் கெட்டால் தப்பு கருவியிலா, ஊசியிலா, தளத்திலா, செல்லிலா என்று பிரித்துச் சொல்லவே முடியாது.

அதனால் சொல்லித் தரும்போது வரிசையை மாற்ற நான் விடுவதில்லை. முதலில் வெறும் தளம், அப்புறம் ஒரு மூலக்கூறு தடிமன் உள்ள படலம், அப்புறம் உலர்ந்த பாக்டீரியா, கடைசியாகத் திரவத்துக்குள் இருக்கும் பாக்டீரியா. ஒவ்வொரு படியிலும் புதிதாகச் சேர்வது ஒன்றே ஒன்றுதான். புதிதாக ஒரு கோளாறு வந்தால் எங்கே தேடுவது என்று உடனே தெரிந்துவிடும்.

1. மாதிரியைத் தொடும் முன் சேர்த்து வைக்க வேண்டியவை

தளத்துக்கு மஸ்கோவைட் மைக்கா (அடுக்கடுக்காக உரியும் கனிமம்) வட்டுகள் இருந்தால் முக்கால்வாசி வேலை முடியும். உரித்த மைக்கா அணு அளவில் சமமாக இருக்கும், நீரில் எதிர்மின்சுமை ஏறும். பாக்டீரியாவை ஒட்டவைக்கும்போது இந்த மின்சுமை முக்கியமாகிவிடும். தயால் (தங்கத்தில் ஒட்டும் கந்தக மூலக்கூறு) படலத்துக்குத் தங்கம் பூசிய தளம், சிலேன் (சிலிக்கானில் ஒட்டும் மூலக்கூறு) படலத்துக்குச் சிலிக்கான் வேஃபர். கூடவே ஒரு துண்டு கிராஃபைட். அதன் ஒரு அணுப்படி 0.335 நானோமீட்டர் உயரம் என்பது எல்லோருக்கும் தெரிந்த அளவு, எனவே செங்குத்து அளவைச் சரிபார்க்க அதுவே போதும்.

ஊசிகளில் மூன்று வகை வேண்டும். காற்றில் டேப்பிங் (ஊசி அதிர்ந்தபடி மேற்பரப்பை லேசாகத் தட்டிச் செல்லும் முறை) செய்ய 300 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண், 40 நியூட்டன்/மீட்டர் விறைப்பு அளவிலான சிலிக்கான் ஊசி. மென்மையான மாதிரிக்கு 70 கிலோஹெர்ட்ஸ், 2 நியூட்டன்/மீட்டர் ஊசி. திரவத்துக்குள் செல்ல 0.06 முதல் 0.3 நியூட்டன்/மீட்டர் வரையிலான சிலிக்கான் நைட்ரைடு ஊசி. ஒரு வகைக்கு ஒரு ஊசி மட்டும் வைத்துக்கொண்டு உட்காராதீர்கள். ஊசி மழுங்கிவிட்டதோ என்ற சந்தேகத்தைத் தீர்க்க இன்னொரு ஊசியைப் போட்டுப் பார்ப்பதைவிடக் குறுக்குவழி இல்லை.

அப்புறம், மிகத் தூய நீர், 0.2 மைக்ரான் வடிகட்டி, உலர் நைட்ரஜன், பவுடர் இல்லாத கையுறை, தட்டையான முனை உள்ள இடுக்கி. மைக்காவை எஃகு வட்டில் ஒட்ட எபாக்ஸியைப் பயன்படுத்துங்கள். தடித்த இருபக்க நாடா அவசரத்துக்கு நன்றாக இருக்கும், ஆனால் மணிக்கணக்கில் மெல்ல மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும். படம் முழுக்கச் சாய்ந்து இழுபடுவதற்குப் பாதி நேரம் அதுதான் காரணம்.

ஊசிக்கும் தளத்துக்கும் இடையே ஓடும் மின்னோட்டத்தால் படம் எடுக்கும் டனலிங் நுண்ணோக்கியும் இதே குடும்பம்தானே, அதில் செய்யலாமா என்று கேட்பார்கள். தங்கத்தின் மேல் உள்ள தயால் படலத்தை மிகக் குறைந்த மின்னோட்டத்தில் அதில் பார்க்க முடியும். பாக்டீரியா மின்சாரம் கடத்தாத, அரை மைக்ரானுக்கும் மேல் தடித்த பொருள். அதற்கு ஏ.எஃப்.எம்.தான்.

2. அறையை அமைதியாக்குங்கள்

நீங்கள் அளக்கப்போவது 2 நானோமீட்டர் உயரம். கதவு சாத்துவது, குளிர்சாதனக் காற்று, பக்கத்து மேசை மையவிலக்கி எல்லாமே அந்த அளவைத் தாண்டிப் படத்தில் ஏறும். அதிர்வு தாங்கும் மேசையை இயக்குங்கள், ஒலி மூடியைச் சாத்துங்கள், காற்று நேரடியாகக் கருவிமேல் வீசாமல் பாருங்கள்.

மாதிரியை வைத்ததும் ஸ்கேன் தொடங்காதீர்கள். காற்றில் கால்மணி நேரம், திரவத்தில் அரைமணி நேரம் விடுங்கள். லேசரின் சூடும் கையின் சூடும் அடங்கும்வரை கான்டிலீவர், அதாவது ஊசியைத் தாங்கும் மெல்லிய தகடு, வளைந்துகொண்டே இருக்கும். அதற்குள் எடுக்கும் படத்தில் வட்டமெல்லாம் முட்டையாக வரும்.

3. வெறும் மைக்காவைப் படம் எடுங்கள்

இந்தப் படியைத் தாவுபவர்கள்தான் அதிகம், பிறகு சிக்குபவர்களும் அவர்களே.

ஒட்டுநாடாவை மைக்காமேல் வைத்து விரலால் நடுவிலிருந்து விளிம்புக்குத் தேய்த்து அழுத்துங்கள். ஒரு ஓரத்திலிருந்து ஒரே சீராக, நிறுத்தாமல் உரியுங்கள். உரித்ததும் மைக்காவைப் பார்க்காதீர்கள், நாடாவைப் பாருங்கள். வட்டின் முழு உருவமும் கிழிசல் இல்லாமல் பளபளவென்று நாடாவில் வந்திருந்தால் சரி. பாதி வட்டம்தான் வந்திருக்கிறது என்றால் மிச்சப் பாதியின் விளிம்பு மைக்காவில் செதில்போல் தூக்கி நிற்கிறது என்று பொருள். அதன் அடியில் நீர் புகுந்து பின்னால் படலம் முழுவதையும் கெடுக்கும். முழு வட்டம் வரும்வரை திரும்ப உரியுங்கள்.

உரித்த உடனே 1 மைக்ரான் சதுரத்தை ஸ்கேன் செய்யுங்கள். எதுவுமே தெரியக்கூடாது. சராசரி கரடுமுரடு 0.1 நானோமீட்டர் அளவில் இருந்தால் கருவியின் இரைச்சல் இவ்வளவுதான் என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டது. 0.5 வருகிறது என்றால் அதிர்வோ கெயினோ (கருவி ஊசியின் உயரத்தை எவ்வளவு விரைவாகத் திருத்துகிறது என்ற அமைப்பு) தப்பு. அதைச் சரிசெய்யாமல் அடுத்த படிக்குப் போனால் 2 நானோமீட்டர் படலத்தில் கால்பங்கு பொய்யாக இருக்கும்.

அப்புறம், நீங்கள் பயன்படுத்தப்போகும் நீரை ஒரு சொட்டு அதே மைக்காவில் விட்டு உலர்த்தி மறுபடி படம் எடுங்கள். புள்ளி புள்ளியாக ஏதாவது முளைத்தால் அது நீரிலோ பைப்பெட் முனையிலோ இருந்து வந்தது. இதைப் பார்க்காதவர்கள் அதே புள்ளிகளைப் பின்னால் ‘புரதத் துகள்’ என்று எழுதிவிடுகிறார்கள்.

4. லேசரிலிருந்து தரையிறக்கம் வரை

லேசர் ஒளியைக் கான்டிலீவரின் நுனிப் பக்கம் வையுங்கள், நடுவில் அல்ல. நுனியில்தான் வளைவு அதிகம், ஆகவே சமிக்ஞையும் அதிகம். மொத்த ஒளி உச்சத்துக்கு வந்ததும் திரும்பிவரும் லேசரைப் பிடிக்கும் போட்டோடயோடின் மேல்–கீழ் வித்தியாசத்தைப் பூஜ்யமாக்குங்கள்.

டேப்பிங்குக்கு ட்யூன் செய்யும்போது, அதாவது ஊசி அதிகம் அதிரும் அதிர்வெண்ணைத் தேடும்போது, வரைபடத்தில் ஒரே ஒரு சுத்தமான மேடு வர வேண்டும். பக்கத்தில் இரண்டாவது மேடு எழுந்தால் ஊசித்துண்டு பிடிப்பானில் சரியாக அமரவில்லை. கழற்றி மறுபடி வையுங்கள். உச்ச அதிர்வெண்ணுக்குச் சற்றுக் கீழே இயக்குவது பொதுவான பழக்கம், ஏனென்றால் தளத்தை நெருங்கும்போது உச்சம் கீழ்ப்பக்கம் நகரும்.

தரையிறங்கியதாகக் கருவி சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். ஈரப்படலம், நிலைமின்சாரம், தூசி எல்லாம் போலித் தரையிறக்கம் தரும். செட்பாயின்டை (ஊசி எவ்வளவு பலமாகத் தொட வேண்டும் என்று கருவிக்குத் தரும் அளவு) சிறிது குறைத்துப் பாருங்கள். பீசோவின் (மின்னழுத்தத்தால் நீண்டு சுருங்கி உயரத்தை மாற்றும் பாகம்) உயரம் கொஞ்சமே மாறினால் உண்மையாகவே தொட்டிருக்கிறீர்கள். பீசோ தொடர்ந்து நீண்டுகொண்டே போனால் ஊசி இன்னும் காற்றில் இருக்கிறது. புதிதாக உரித்த மைக்கா மின்சுமை தேக்கிவைத்திருக்கும். அயனி ஊதி இருந்தால் ஒரு நிமிடம் காட்டிவிட்டு இறக்குங்கள்.

5. செட்பாயின்ட், கெயின், வேகம்: இந்த வரிசையில்

மூன்றையும் ஒரே சமயத்தில் திருகுவதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. எது என்ன செய்தது என்று தெரியாமலே போய்விடும்.

முதலில் வேகம். 1 ஹெர்ட்ஸில் 512 வரிகளுக்கு எட்டரை நிமிடம் ஆகும். ஆனால் உண்மையில் கவனிக்க வேண்டியது ஊசி ஓடும் வேகம். அது ஸ்கேன் அகலத்தின் இரண்டு மடங்கை ஹெர்ட்ஸால் பெருக்கினால் வரும். 1 மைக்ரான் அகலத்தில் 1 ஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 2 மைக்ரான். 10 மைக்ரானில் அதே 1 ஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 20. அகலத்தைக் கூட்டிவிட்டு ஹெர்ட்ஸைக் குறைக்க மறப்பதால்தான் பெரிய படங்கள் இழுபட்டு வருகின்றன.

அடுத்து செட்பாயின்ட். டேப்பிங்கில் சுதந்திர வீச்சின் (தளத்தைத் தொடாதபோது ஊசி அதிரும் அளவு) 80 முதல் 90 சதவீதத்தில் தொடங்குங்கள். கீழே போகப்போக ஊசி பலமாகத் தட்டும். படலத்துக்குச் சின்ன வீச்சு, 10–20 நானோமீட்டர் போதும். பிசுபிசுப்பான பாக்டீரியாவுக்கு அதைவிட அதிகம் வேண்டும், இல்லாவிட்டால் ஊசி மேற்பரப்பில் சிக்கிக்கொள்ளும்.

கடைசியாக கெயின். வரியில் பொடிப்பொடியாக நடுக்கம் தெரியும்வரை ஏற்றி, நடுக்கம் அடங்கும் அளவுக்கு மட்டும் இறக்குங்கள். முன்னோக்கிய வரியும் பின்னோக்கிய வரியும் ஒன்றன்மேல் ஒன்று படிந்தால் சரி. ஒவ்வொரு மேட்டின் இறங்குபக்கத்திலும் இரண்டும் பிரிந்து போனால் ஊசி தரையைத் தொடாமல் மிதக்கிறது. வேகத்தைக் குறையுங்கள் அல்லது செட்பாயின்டைக் கொஞ்சம் இறக்குங்கள்.

6. முதல் படலம்

தொடக்கத்துக்கு, நீர்ப்பரப்பில் மிதக்கும் மூலக்கூறுகளைத் தளத்தில் ஏற்றும் லாங்மியூர்–பிளாட்ஜெட் முறையில் ஸ்டியரிக் அமிலப் படலம் நல்ல பயிற்சி. மைக்காவைத் தொட்டி நீருக்குள் முதலில் இறக்கிவிட்டு, அதன் பிறகுதான் மூலக்கூறைப் பரப்ப வேண்டும். வரிசையை மாற்றிவிட்டால் இறங்கும்போதே மைக்கா படலத்தைக் கிழித்துக்கொண்டு போகும். குளோரோஃபார்மில் மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் கரைசலைச் சின்னச் சின்னத் துளியாக நீர்ப்பரப்பில் தொட்டுவிடுங்கள். கரைப்பான் ஆவியாகப் பத்து பதினைந்து நிமிடம் காத்திருங்கள். தடுப்புச்சட்டத்தால் மெதுவாக நெருக்கி, மீட்டருக்கு 30 மில்லிநியூட்டன் அழுத்தத்தில் நிறுத்தி, நிமிடத்துக்குச் சில மில்லிமீட்டர் வேகத்தில் மைக்காவைத் தூக்குங்கள். நீரை விரும்பும் மைக்கா என்பதால் மேலே வரும்போதுதான் முதல் அடுக்கு ஏறும்.

தூக்கும்போது தடுப்புச்சட்டம் எவ்வளவு நகர்ந்தது என்று பாருங்கள். நீர்ப்பரப்பில் குறைந்த பரப்பும் மைக்காவின் பரப்பும் ஏறத்தாழச் சமமாக இருந்தால் படலம் முழுதாக ஏறியிருக்கிறது. பாதிதான் குறைந்திருக்கிறது என்றால் ஏ.எஃப்.எம்.மில் தீவு தீவாகத்தான் தெரியும். இது கருவியில் வைக்கும் முன்பே தெரிந்துவிடும் செய்தி, ஆனால் குறித்து வைப்பவர்கள் குறைவு.

தொட்டி இல்லாதவர்கள் தங்கத்தில் தயால் படலம் செய்யலாம். எத்தனாலில் 1 மில்லிமோலார் கரைசலில் ஒரு இரவு ஊறவைத்து, எத்தனாலால் நன்றாகக் கழுவி, நைட்ரஜனால் உலர்த்தினால் முடிந்தது. கழுவுவதில் கஞ்சத்தனம் பார்த்தால் மேலே உதிரியாக ஒட்டிய மூலக்கூறுகள் மேடு மேடாக நிற்கும்.

லிப்பிட் (கொழுப்பு மூலக்கூறு) ஈரடுக்கு வேண்டும் என்றால் டி.ஓ.பி.சி. என்ற லிப்பிடில் தொடங்குங்கள், அறை வெப்பநிலையிலேயே அது நெகிழ்வாக இருக்கும். டி.பி.பி.சி. என்ற லிப்பிட் நெகிழ்வாகும் வெப்பநிலை 41 டிகிரி செல்சியஸ், எனவே அதற்கு மேல் சூடேற்றித்தான் படியவைக்க வேண்டும். லிப்பிட் கொப்புளங்களை 100 நானோமீட்டர் துளையுள்ள சவ்வு வழியாகப் பலமுறை தள்ளி ஒரே அளவாக்குங்கள், மில்லிலிட்டருக்கு 0.1 மில்லிகிராம் அளவில், 2–3 மில்லிமோலார் கால்சியம் குளோரைடோடு மைக்காவில் அரைமணி நேரம் விடுங்கள். கால்சியம்தான் எதிர்மின்சுமை உள்ள மைக்காவுக்கும் லிப்பிடுக்கும் நடுவில் பாலமாக நிற்கிறது. இங்கே பாஸ்பேட் பஃபர் (அமிலத்தன்மையை மாறாமல் வைக்கும் கரைசல்) வேண்டாம், கால்சியத்தோடு சேர்ந்து வீழ்படிவாகிவிடும். ஹெப்பஸ் அல்லது டிரிஸ் பஃபரைப் பயன்படுத்துங்கள். கழுவும்போது திரவத்தை மாற்றிக்கொண்டே இருங்கள், ஒரு நொடிகூட மேற்பரப்பு காற்றைப் பார்க்கக்கூடாது. பார்த்தால் ஈரடுக்கு உரிந்துவிடும்.

7. படலம் இருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

முழுமையான படலம் வெறும் மைக்காவைப் போலவே தட்டையாக இருக்கும். நல்ல படலம் செய்தவர்தான் ‘ஒன்றுமே இல்லையே’ என்று கவலைப்படுவார். எனவே ஒரு விளிம்பு வேண்டும். ஓட்டைகள் தானாக இருந்தால் அதிர்ஷ்டம், இல்லாவிட்டால் உருவாக்குங்கள்.

காண்டாக்ட் முறையில், அதாவது ஊசி மேற்பரப்பைத் தொட்டபடியே நகரும் முறையில், 1 மைக்ரான் சதுரத்தை அதிக விசையில் சில முறை தேய்த்தெடுங்கள். பிறகு விசையைக் குறைத்து 5 மைக்ரான் அகலத்தில் அதே இடத்தைப் பாருங்கள். நடுவில் சதுரக் குழியும் அதன் ஓரங்களில் ஒதுக்கித்தள்ளிய குவியலும் தெரியும். குவியலிலிருந்து அளக்காமல், குழியின் தரைக்கும் தொலைவில் உள்ள படலத்துக்கும் உள்ள வித்தியாசத்தை எடுங்கள். ஸ்டியரிக் அமிலத்துக்கு 2 முதல் 2.5 நானோமீட்டர், நெகிழ்வான லிப்பிட் ஈரடுக்குக்கு 4 நானோமீட்டர் பக்கம் வர வேண்டும். 1.2 நானோமீட்டர் வந்தால் மூலக்கூறுகள் சாய்ந்து படுத்திருக்கலாம், அல்லது நீங்கள் அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கலாம்.

இரண்டில் எது என்று கண்டுபிடிக்க அதே இடத்தை இரண்டு செட்பாயின்டில் படம் எடுங்கள். உயரம் மாறினால் அளந்தது படலத்தை மட்டுமல்ல, உங்கள் விசையையும் சேர்த்துத்தான். டேப்பிங்கில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. ஊசி கவரும் விசைப் பகுதியிலிருந்து விலக்கும் விசைப் பகுதிக்குத் தாவும்போது உயரமும் கட்டப் படத்தின் (ஊசியின் அதிர்வு எவ்வளவு பின்தங்குகிறது என்று காட்டும் படம்) நிறமும் ஒரே வரியில் சட்டென்று மாறும். அந்தக் கோட்டைப் படலத்தின் எல்லை என்று நினைத்துவிடாதீர்கள். எல்லை வளைந்து நெளிந்து போகும், விசைத் தாவல் ஸ்கேன் வரியோடு நேராகப் போகும்.

திரவத்துக்குள் உள்ள ஈரடுக்குக்குத் தேய்க்க வேண்டியதில்லை. ஒரு விசை வளைவு எடுங்கள், அதாவது ஒரே புள்ளியில் ஊசியை இறக்கி ஏற்றி விசையைப் பதியுங்கள். சில நானோநியூட்டன் அழுத்தத்தில் ஊசி சட்டென்று உள்ளே குதிக்கும் இடம் தெரியும். அந்தக் குதிப்பின் நீளம் ஈரடுக்கின் தடிமனுக்குப் பக்கத்தில் இருக்கும்.

8. பாக்டீரியாவை ஒட்டவைப்பது

நேரம் முழுவதையும் செலவிட வேண்டிய இடம் இதுதான். ஒட்டாத பாக்டீரியாவை எந்த ஊசியாலும் எந்தக் கெயினாலும் படம் எடுக்க முடியாது.

பாக்டீரியாவின் மேற்பரப்பு பொதுவாக எதிர்மின்சுமை, மைக்காவும் எதிர்மின்சுமை. இரண்டும் ஒன்றையொன்று தள்ளும். நடுவில் நேர்மின்சுமை உள்ள ஓர் அடுக்கு வேண்டும், அதற்குத்தான் பாலிலைசின். 0.1 சதவீதக் கரைசலை ஒரு சொட்டு புதிதாக உரித்த மைக்காவில் வைத்து, ஐந்து பத்து நிமிடம் விட்டு, நீரால் கழுவி, உலர்த்துங்கள். உலர்த்தியதும் அதையும் ஒரு படம் எடுத்துவிடுங்கள். மெல்லிய சீரான சொரசொரப்பு வந்தால் சரி. கட்டி கட்டியாக இருந்தால் கழுவியது போதவில்லை. அந்தக் கட்டிகள் பின்னால் செல்லின் பக்கத்தில் நின்றுகொண்டு குழப்பும்.

ஜெலாட்டின் பூசிய மைக்காவும் நன்றாகப் பிடிக்கும். 0.5 சதவீத ஜெலாட்டினைச் சுடுநீரில் கரைத்து, 60 டிகிரி வரை ஆறவிட்டு, மைக்காவை முக்கி எடுத்து, செங்குத்தாகச் சாய்த்து ஒரு இரவு உலரவிடுங்கள். படுக்கவைத்து உலர்த்தினால் பூச்சு ஒரு பக்கம் தடித்துவிடும்.

இப்போது கல்ச்சர், அதாவது ஊடகத்தில் வளர்த்த பாக்டீரியா. வளர்ச்சிக் கட்டத்தில் உள்ள கல்ச்சரை எடுத்து, மெதுவான வேகத்தில், 1500 முதல் 3000 ஜி (புவியீர்ப்பின் மடங்கு) வரை, ஐந்து நிமிடம் மையவிலக்கியில் சுழற்றுங்கள். வேகமாகச் சுழற்றினாலோ, அடியில் படிந்ததை பைப்பெட்டால் அடித்துக் கலக்கினாலோ கசையிழைகள் (பாக்டீரியா நீந்த உதவும் மெல்லிய வால்கள்) ஒடிந்துவிடும். பிறகு ‘என் செல்லில் கசையிழையே இல்லை’ என்று தேடிக்கொண்டிருப்பீர்கள். கழுவுவதை மூன்று முறை செய்யுங்கள். வளர்ப்பு ஊடகத்தின் மிச்சம் உலர்ந்தால் செல்லின் மேல் பாலாடை படிந்ததுபோல் மூடிவிடும், மேற்பரப்பின் விவரம் ஒன்றும் தெரியாது.

ஒட்டவைக்கும் நேரத்தில் உப்புச் செறிவு குறைவாக இருக்க வேண்டும். இது பலருக்கும் தெரியாத விஷயம். உப்பு அதிகம் உள்ள பஃபரில் அயனிகள் மின்சுமைகளை மறைத்துவிடும், செல்லும் பாலிலைசினும் ஒன்றையொன்று உணரவே முடியாது. பஃபரைப் பத்து மடங்கு நீர்த்து அதில் செல்களை வைத்து ஒட்டவிடுங்கள், பதினைந்து முதல் முப்பது நிமிடம். ஒட்டிய பிறகு தேவையானால் முழுச் செறிவு பஃபருக்கு மெல்ல மாற்றிக்கொள்ளலாம்.

உயிரோடு வேண்டாம், வடிவம் போதும் என்றால் 2.5 சதவீத குளுட்டரால்டிஹைடில் அரைமணியிலிருந்து ஒரு மணிநேரம் நிலைப்படுத்துங்கள். நச்சு ஆவியை வெளியேற்றும் பெட்டிக்குள் (ஃபியூம் ஹுட்) செய்யுங்கள். பாஸ்பேட் பஃபர் நல்லது, டிரிஸ் கூடாது. டிரிஸில் உள்ள அமீன் தொகுதி குளுட்டரால்டிஹைடோடு வினைபுரிந்து அதைத் தின்றுவிடும். நிலைப்படுத்திய செல்லின் விறைப்பை அளந்து அது உயிருள்ள செல்லின் விறைப்பு என்று எழுதாதீர்கள், அளந்தது வேதிக்கட்டு போட்ட செல்லை.

உருண்டையான செல்களுக்கு, ஸ்டாஃபிலோகாக்கஸ், ஈஸ்ட் போன்றவற்றுக்கு, இன்னொரு வழி உண்டு. செல்லின் விட்டத்தைவிடச் சற்றுச் சின்னத் துளையுள்ள பாலிகார்பனேட் வடிகட்டியில் மெல்ல உறிஞ்சினால் துளையில் செல் பொருந்தி உட்காரும். ஒட்டும் பொருள் எதுவும் தேவையில்லை, செல்லின் மேற்பகுதி சுத்தமாக வெளியே தெரியும். கோல் வடிவச் செல்லுக்கு இது சரிவராது.

9. உலர்ந்த பாக்டீரியாவைக் காற்றில் படம் எடுப்பது

உலர்த்தும் முன் தூய நீரால் ஒருமுறை சட்டென்று கழுவுங்கள். பாஸ்பேட் உப்பு அப்படியே உலர்ந்தால் படிகங்கள் செல்லைவிட உயரமாக வளரும். ஆனால் நீரில் நிறைய நேரம் விட்டால் நிலைப்படுத்தாத செல் ஊடுபரவலால் ஊதிவிடும். நொடிக்கணக்கு போதும்.

காய்ந்த சொட்டின் விளிம்பைத் தவிருங்கள், உப்பும் குப்பையும் அங்கேதான் ஒதுங்கும். நடுவிலும் வேண்டாம், செல்கள் குவிந்திருக்கும். இரண்டுக்கும் இடையில், கேமராவில் தனியாகப் படுத்திருக்கும் செல்லைத் தேர்ந்தெடுங்கள். முதல் ஸ்கேன் 20 மைக்ரான் அகலம், 0.3 ஹெர்ட்ஸ். அப்புறம் 5 மைக்ரானுக்கு, அப்புறம் செல்லின் முதுகில் 500 நானோமீட்டருக்கு இறங்குங்கள். ஒவ்வொரு முறையும் கெயினை மறுபடி பாருங்கள், ஏனென்றால் முழுச் செல்லுக்குத் தேவையான கெயின் அதன் முதுகுக்கு அதிகம்.

உயிரோடு 1 மைக்ரான் தடிமன் இருக்கும் ஈ. கோலை உலர்ந்ததும் சில நூறு நானோமீட்டராகச் சரிந்துவிடும். நடுவில் பள்ளம் விழுவதும் அதனால்தான். அதை நோயின் அறிகுறியாகவோ மருந்தின் விளைவாகவோ சொல்ல வேண்டும் என்றால், மருந்து தராத செல்லை அதே நாளில் அதே முறையில் உலர்த்திப் பக்கத்தில் வைத்துக் காட்டியாக வேண்டும்.

ஈஸ்ட் எடுப்பவர்கள் ஊசியின் உயரத்தைப் பாருங்கள். நைட்ரைடு ஊசிகளில் பல 3 மைக்ரான் அளவே உயரம். 5 மைக்ரான் செல்லின் மேல் அதை ஓட்டினால் ஊசிமுனைக்கு முன்பே கான்டிலீவரின் உடம்பு செல்லில் இடிக்கும்.

10. திரவத்துக்குள்

கான்டிலீவரை மூழ்கவைக்கும் முன் அதன்மேல் ஒரு சின்னச் சொட்டு வையுங்கள், பிறகு மாதிரியின் சொட்டோடு சேருங்கள். நேராக இறக்கினால் ஊசிக்கு அடியில் காற்றுக்குமிழி மாட்டிக்கொள்ளும். லேசர் நடனமாடினால் பெரும்பாலும் அதுதான் காரணம். ஒளி திரவத்தில் விலகுவதால் லேசரையும் டயோடையும் மறுபடி சரிசெய்ய வேண்டியிருக்கும்.

அதிர்வெண் காற்றில் இருந்ததில் மூன்றில் ஒரு பங்கு அல்லது நான்கில் ஒரு பங்குக்கு இறங்கிவிடும். ட்யூன் செய்தால் ஒரு மேட்டுக்குப் பதில் காடு மாதிரி மேடுகள் வரும். அவற்றில் பல திரவமும் பிடிப்பானும் அதிர்வதால் வருபவை. முதலில் வெப்ப அதிர்வு நிறமாலையை (வெப்பத்தால் கான்டிலீவர் தானாக அதிர்வதன் வரைபடம்) எடுத்து உண்மையான உச்சம் எங்கே என்று தெரிந்துகொண்டு, அதன் அருகில் உள்ள மேட்டைத் தேர்ந்தெடுங்கள்.

உயிருள்ள செல்லுக்கு, கருவியில் வசதி இருந்தால், ஒவ்வொரு புள்ளியிலும் இறங்கி ஏறும் விசை வளைவு முறையே சிறந்தது. அதில் பக்கவாட்டு இழுப்பு இல்லை, செல்லைத் துடைத்துத் தள்ளாது. வசதி இல்லாவிட்டால் மென்மையான ஊசியில் காண்டாக்ட், விசை 1 நானோநியூட்டனுக்குக் கீழே. இரண்டுக்கும் முன்னால் கடினமான தளத்தில் உணர்திறனையும் (கான்டிலீவரின் வளைவுக்கு டயோட் தரும் சமிக்ஞை), வெப்ப இரைச்சல் முறையில் சுருள் மாறிலியையும் (கான்டிலீவரின் விறைப்பு) அளந்துவிடுங்கள். பெட்டியில் அச்சிட்ட எண்ணை நம்பினால் விசை இரண்டு மடங்கு தப்பாகவும் இருக்கலாம்.

11. படத்தில் இருக்கும் பொய்கள்

எல்லாப் பொருளுக்கும் ஒரே திசையில், ஒரே வடிவத்தில் இரட்டை நிழல் இருந்தால் ஊசிக்கு இரண்டு முனை. மாதிரியை 90 டிகிரி திருப்பி வைத்துப் பாருங்கள். பொருள் திரும்பி, நிழல் மட்டும் பழைய திசையிலேயே நின்றால் சந்தேகமே வேண்டாம், ஊசியை மாற்றுங்கள்.

பின்னணியில் அகலமான, இணையான அலைகள் ஓடினால் கான்டிலீவரில் பட்ட லேசரும் தளத்தில் பட்டுத் திரும்பிய லேசரும் குறுக்கிடுகின்றன. தங்கத் தளத்தில் இது அடிக்கடி வரும். லேசர் புள்ளியைக் கொஞ்சம் உள்ளே தள்ளுங்கள்.

அகலத்தை நம்பாதீர்கள், உயரத்தை நம்புங்கள். 20 நானோமீட்டர் விட்டம் உள்ள கசையிழையை 10 நானோமீட்டர் ஆரமுள்ள ஊசியால் எடுத்தால் அகலம் 40 நானோமீட்டர் அளவில் தெரியும், உயரம் 20 பக்கமே நிற்கும். செல்லின் பக்கச் சுவர் சரிவாகத் தெரிவதும் ஊசியின் கூம்பு வடிவத்தால்தான், சுவர் உண்மையில் உள்பக்கம் வளைந்து போகிறது. அந்த அடிப்பகுதியை ஊசியால் தொடவே முடியாது.

வீச்சுப் பிழைப் படம் (வீச்சு செட்பாயின்டிலிருந்து விலகுவதைக் காட்டும் படம்) பார்க்க அழகாக, முப்பரிமாணம்போல் இருக்கும். அதில் உயரம் இல்லை, விளிம்புகள் மட்டுமே. அதில் கோடு போட்டு உயரம் அளந்த படங்களைப் பார்க்கும்போது மனசு கஷ்டமாக இருக்கிறது, ஏனென்றால் பக்கத்துச் சாளரத்திலேயே உண்மையான உயரப் படம் இருந்திருக்கும்.

12. சீர்செய்தல், சேமித்தல், கழற்றுதல்

மூலக்கோப்பை அப்படியே ஒரு பிரதி வைத்துவிட்டுத்தான் திருத்தத் தொடங்க வேண்டும். இலவச மென்பொருளான க்விடியன் போதுமானது. வரிவரியாகச் சமன்செய்யும் முன் செல்களையும் படலத் தீவுகளையும் மறைத்துக்கொள்ளுங்கள். மறைக்காவிட்டால் மென்பொருள் அவற்றின் உயரத்தையும் தரையாகக் கணக்கிட்டு, செல்லின் இருபுறமும் கறுப்புப் பட்டை போட்டுவிடும், படலத்தின் தடிமனையும் குறைத்துவிடும்.

படலத்தின் தடிமனை ஒரு கோட்டிலிருந்து எடுக்காதீர்கள். உயரப் பரவல் வரைபடத்தில் தரைக்கு ஒரு மேடு, படலத்துக்கு ஒரு மேடு இருக்கும், அவற்றின் இடைவெளியே தடிமன். செங்குத்து அளவைச் சரிபார்ப்பதும் அளக்கும் உயரத்தை ஒட்டியே இருக்கட்டும்: படலத்துக்கு கிராஃபைட் படி, செல்லுக்கு 100 அல்லது 180 நானோமீட்டர் படி உள்ள அளவுத் தகடு.

கோப்புப் பெயரோடு ஊசி வகை, சுதந்திர வீச்சு, செட்பாயின்ட், வேகம், பஃபர், தளத்தில் பூசியது, ஒட்டவைத்த நேரம் எல்லாம் எழுதுங்கள். வெறும் மைக்கா, நீர்ச்சொட்டு, பாலிலைசின் ஆகியவற்றின் படங்களையும் அதே கோப்புறையில் போடுங்கள். யாராவது அந்தப் புள்ளி என்ன என்று கேட்டால் காட்ட அவைதான் இருக்கும்.

கழற்றும்போது முதலில் ஊசியை நன்றாக மேலே தூக்கி, அப்புறம் திரவத்தை உறிஞ்சி எடுங்கள். பீசோவுக்குள் உயர் மின்னழுத்தம் ஓடுகிறது, ஒரு சொட்டு கசிந்தாலும் ஸ்கேனர் போய்விடும். பாக்டீரியா தொட்ட பிடிப்பான், இடுக்கி, எஃகு வட்டு எல்லாவற்றையும் 70 சதவீத எத்தனாலால் துடைத்து, பிடிப்பானைத் தூய நீரில் அலசி உலர்த்துங்கள். அதன் மடிப்பில் காய்ந்துபோன பஃபர் உப்பு அடுத்தவர் ட்யூன் செய்யும்போது இரண்டாவது மேடாக வந்து நிற்கும்.